கூட்டல்

கிரேஞ்ச்மவுத். இரவுப் பணி.
லாரி கிளம்பிய பின் ஏற்றுமேடைத் தரையில்
இஷ்பெல் மெக்காஸ்கில் கூட்டுகிறாள்.
துவரம்பருப்பளவு குருணைகள், பால்நிறம்,
பூட்ஸுக்கடியில் உருள்பவை.
போன ஜனவரியில் ஒருவன் வழுக்கி விழுந்து
மணிக்கட்டை முறித்துக்கொண்டதால்தான்
துடைப்பம் வந்தது.
ஆற்றை நினைத்து அல்ல.

வேலைக்குச் சேர்ந்த வாரம் இரண்டு நாள் வகுப்பு.
பாதி தூக்கத்தில் கேட்டது. நினைவில் நிற்பது இவ்வளவுதான்:

எத்திலீனில் இரண்டு கார்பன்கள்.
ஒன்றையொன்று இரு கையாலும் பற்றிக்கொண்டு
அக்கம்பக்கம் பாராமல் திரிபவை.
குழாய்க்குள் இரண்டாயிரம் மடங்கு காற்றழுத்தம்.
அதில் சொட்டளவு பெராக்சைடு.
அது உடையும்.
உடைந்த பாதி, துணையிழந்த ஓர் எலக்ட்ரானோடு
எதிர்ப்பட்ட ஜோடிக்குள் புகுந்து
ஒரு பிடியைத் தளர்த்தி ஒட்டிக்கொள்ளும்.
இப்போது வெறுங்கை வேறொருவருடையது.
அது அடுத்ததைப் பிடிக்கும்,
அடுத்தது அதற்கடுத்ததை,
கண் இமைத்துத் திறப்பதற்குள் ஆயிரம் பேர் வரிசையில்.
வெறுங்கைகள் இரண்டு எங்காவது மோதிக்கொண்டால்
அங்கே முடிச்சு. சங்கிலி நின்றுவிடும்.

சிந்துவதில்லை, சொட்டுவதில்லை.
போட்ட அணுவெல்லாம் உள்ளேயே.
"சுத்தமான கணக்கு, வெறும் கூட்டல்" என்றாராம் வகுப்பெடுத்தவர்,
ஏதோ தானே கண்டுபிடித்ததைப் போல.

துடைப்பத்துக்கு என் மொழி வைத்திருக்கும்
வினைகள் இரண்டும் கணக்கு நோட்டிலிருப்பவை:
கூட்டு. பெருக்கு.
கழி என்றும் ஒன்றுண்டு.
அது கழிவில் போய் நிற்கிறது.

மழை வலுக்கிறது. மேடையோரத்துச் சாக்கடைக் கம்பிக்குள்
இருபது முப்பது உருண்டு போயின.
இஷ்பெல் பார்த்தாள். குனியவில்லை.
மணி நாலரை. முதுகு.

சனிக்கிழமை ஃபோர்த் ஆற்று முகத்தில்
அலை விட்டுப்போன கடற்பாசி வரிசையை
சல்லடையும் வாளியுமாகப் பத்துப் பேர் அளைகிறார்கள்.
மீன் ஆலையில் வேலை பார்க்கும் ஹலினா
செத்துக் கிடந்த ஃபுல்மர் பறவையின் இரைப்பையை
மீனறுக்கும் கத்தியாலேயே திறந்தாள்.
கணவாயின் அலகு ஒன்று. பலூன் கயிறு.
குருணை முப்பத்தொன்று.
"உங்களுடையதா?"
தெரியாது. குருணையில் பெயர் எழுதி அனுப்புவதில்லை.
அவள் நிறத்தைப் பார்த்தாள். மஞ்சளித்திருந்தது.
அப்படியென்றால் பழசு, நான் சேர்வதற்கு முன்பு, என்று சொல்லிவிட்டு
அதைச் சொன்னதற்காகக் காது சிவந்தாள்.

மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கும்
மாவைத் தின்னும் நுண்ணுயிருக்கும்
பல் வைக்க ஓர் இடுக்கு வேண்டும்.
இங்கே கார்பன், கார்பன், கார்பன்.
வெயில் உடைக்கும், அலை உடைக்கும்;
உடைந்ததும் அதுவேதான், சிறியதாக.

ஞாயிறு விடிகாலை, ஃபால்கர்க்கில் அவள் வீடு.
சலவை இயந்திரத்தின் வடிகட்டியை உருவினாள்:
பொத்தான், இரண்டு பென்னி,
கால்சட்டை மடிப்பில் வீடு வரை வந்த
ஒரு குருணை.

ஒன்றே ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
சமையலறை நடுவில் நிற்கிறாள்.
தொட்டிக் குழாயில் விட்டால் ஆறு.
குப்பைக்கூடையென்றால் புதைகுழி, அவள் பேரனின் பேரன் காலம் வரை.
அடுப்பில் போட்டால் கரியும் வாடையும், மேலே போகும் வாயுவும்.
மறுசுழற்சிப் பெட்டியின் சலிப்பில்
இத்தனை சிறியது தங்காது;
தங்கினாலும் ஒவ்வோர் உருக்கலிலும் கொஞ்சம் நொய்ந்து
கடைசியில் இதே கேள்விக்கே வந்து சேரும்.
தொழிற்சாலைக்கே திருப்பிக் கொண்டுபோகலாம்.
வாயிலில் பையைச் சோதிப்பார்கள். என்ன சொல்வது?

கெட்டில் கொதித்து அணைந்தது.
குருணையைத் தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில்,
ஒரு காலி ஜாம் புட்டியில் போட்டு மூடினாள்.
அதில் ஏற்கெனவே
முக்கால்வாசி இருந்தது.